சாய்வை மறைக்கும் படமும் ஒற்றை அம்புக்குறியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை 30 ஆண்டுகளுக்கு மேல் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பருவகாலங்கள் ஏன் மாறுகின்றன, கடலில் ஓதம், அதாவது நீர்மட்டம், நாள்தோறும் ஏன் ஏறி இறங்குகிறது என்னும் இரண்டு பாடங்களைப் பற்றி இக்கடிதத்தை எழுதுகிறேன். இரண்டும் தேர்வில் எளிதாக மதிப்பெண் பெற்றுத் தருபவை. இரண்டும் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் புரியாமலேயே முடிந்துபோகின்றவை.

"பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்திருப்பதால் பருவகாலங்கள் உண்டாகின்றன" என்று விடைத்தாளில் பிழையின்றி எழுதிய அதே மாணவனிடம், கோடையில் வெயில் ஏன் கடுமையாக இருக்கிறது என்று பேச்சுவாக்கில் கேட்டால், "அப்போது பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போகிறது" என்பான். மனப்பாடம் செய்த விடை ஓரிடத்தில் இருக்கிறது, உள்ளூர நம்புவது வேறோர் இடத்தில் இருக்கிறது. அடுப்பை நெருங்கினால் சுடும் என்று சிறு வயதிலேயே அறிந்த பிள்ளைக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். 1980களில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவின்போது, மாணவர், பேராசிரியர், பழைய மாணவர் என 23 பேரிடம், பருவகாலங்கள் ஏன் உண்டாகின்றன அல்லது நிலவு ஏன் வளர்ந்து தேய்கிறது என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். 21 பேரின் விளக்கம் தவறாக இருந்தது.

இந்தத் தவறான எண்ணத்துக்கு நாம் அச்சிடும் படங்களே தீனி போடுகின்றன. பூமியின் பாதையை நசுக்கிய முட்டை போல வரைந்து, நடுவே சூரியனை வைத்துவிடுகிறோம். உண்மையான பாதையை 30 செ.மீ. அகலத்தில் வரைந்தால், அதன் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள வேறுபாடு பென்சில் கோட்டின் தடிமனைவிடக் குறைவு. வட்டமா இல்லையா என்று கண்ணால் சொல்லவே முடியாது. சூரியன் மட்டும் மையத்திலிருந்து ஏறத்தாழ இரண்டரை மி.மீ. தள்ளியிருக்கும். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில். அப்போது தூரம் சுமார் 14.7 கோடி கி.மீ. மிக விலகியிருப்பது ஜூலை முதல் வாரத்தில், சுமார் 15.2 கோடி கி.மீ. வட அரைக்கோளத்தில் வாழும் பிள்ளைகளிடம் இந்த இரண்டு எண்களை மட்டும் கரும்பலகையில் எழுதிக் காட்டி, ஐந்து நிமிடம் ஆசிரியர் வாய் திறக்காமல் இருந்தால் போதும். அவர்கள் தம்முடைய விளக்கத்தைத் தாமே சந்தேகிக்கத் தொடங்குவார்கள். அந்தச் சந்தேகம் வருமுன் அச்சுச் சாய்வைச் சொல்லிக் கொடுப்பதில் பயனில்லை என்பது என் அனுபவம்.

சாய்வைக் காட்டும் செய்முறையிலும் ஒரு பிழை நடக்கிறது. பணியில் சேர்ந்த முதல் சில ஆண்டுகள் நானும் அதைச் செய்தேன் என்பதை வருத்தத்துடன் சொல்கிறேன். விளக்கை நடுவில் வைத்து உலக உருண்டையைச் சுற்றிக் கொண்டுவரும்போது, கை தன்னையறியாமல் திரும்பி, வடமுனையை எப்போதும் விளக்கை நோக்கியே சாய்த்துவிடும். அப்படிக் காட்டினால் வடக்கே ஆண்டு முழுவதும் கோடைதான். பிறகு சுவரின் மேல்மூலையில் சுண்ணக்கட்டியால் ஒரு நட்சத்திரம் வரைந்து, அதைத் துருவ விண்மீனாகக் கொண்டு, உருண்டை எங்கே நின்றாலும் அச்சு அந்த நட்சத்திரத்தையே நோக்க வேண்டும் என்று பிள்ளைகளைக் காவல் வைத்தேன். கை சற்றே திரும்பினாலும் நாலைந்து குரல்கள் எழும். ஜூனில் விளக்கை நோக்கிச் சாய்ந்த வடமுனை, மறுபக்கம் வந்ததும் விளக்கைவிட்டு விலகி நிற்பதை அன்றுதான் அவர்கள் கண்டார்கள்.

சாய்ந்தால் ஏன் வெப்பம் கூடுகிறது என்பது அடுத்த கேள்வி. சாய்ந்த பக்கம் சூரியனுக்கு அருகில் வந்துவிடுகிறது என்று பழைய எண்ணம் வேறு உருவில் திரும்பி வரும். பூமியின் விட்டமே சுமார் 12,742 கி.மீ.தான், 15 கோடியில் அது எம்மாத்திரம்? இதற்குக் கட்டம் போட்ட தாளும் ஒரு டார்ச் விளக்கும் போதும். ஒரு மாணவி வெளிச்சத்தின் விளிம்பைப் பென்சிலால் வரைந்து கட்டங்களை எண்ணினாள். ஒளி நேராக விழுந்தபோது 21 கட்டங்கள். ஒளிக்கும் தாளுக்கும் இடையே 30 பாகைக் கோணம் மட்டும் இருக்குமாறு தாளைச் சாய்த்தபோது 40-ஐத் தாண்டிவிட்டது. "சார், வெளிச்சம் அதேதான், பங்கு போடுற இடம்தான் கூடிப்போச்சு" என்றாள். அதைவிடச் சிறந்த வாக்கியத்தை நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை. இதனுடன் கோடையில் பகல் நீள்வதையும் சேர்த்துச் சொன்னால் காரணம் முழுமையாகிவிடும்.

ஓதத்துக்கு வருகிறேன். பூமியின் ஒரு பக்கம் கடல் புடைத்திருக்க, நிலவிலிருந்து ஒற்றை அம்புக்குறி அதைச் சுட்டும் படம் எல்லோர் நினைவிலும் இருக்கும். அதைப் பார்த்த ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "நிலா இந்தப் பக்கம் இழுக்கிறதென்றால் அந்தப் பக்கம் தண்ணீர் ஏன் மேலே வருகிறது?" என்று கேட்டாள். நாளுக்குப் பெரும்பாலான கரைகளில் இரண்டு முறை கடல் ஏறுகிறதே என்பது அவள் கேள்வியின் உட்பொருள். அன்று மையவிலக்கு விசை என்று பாடநூலில் இருந்ததைச் சொல்லிச் சமாளித்தேன். அது அவளுக்கும் விளங்கவில்லை, சரியான விளக்கமும் அன்று.

ஓதத்தை உண்டாக்குவது ஈர்ப்பு விசையின் அளவன்று. அது இடத்துக்கு இடம் வேறுபடுவதுதான். நிலவை நோக்கிய பக்கத்தில் ஈர்ப்பு பூமியின் மையத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ 3 விழுக்காடு கூடுதல். எதிர்ப்பக்கத்தில் ஏறத்தாழ அதே அளவு குறைவு. பின்னாளில் மூன்று பிள்ளைகளை நெருக்கமாக வரிசையில் நிறுத்தி, முன்னவரை மூன்றடியும் நடுவரை இரண்டடியும் பின்னவரை ஓரடியும் நடக்கச் சொன்னேன். மூவரும் ஒரே திசையில்தான் நடந்தார்கள். ஆனால் நடுவரின் இருபுறமும் இடைவெளி விழுந்தது. முந்திச் சென்றவர் ஒரு மேடு, பின்தங்கியவர் எதிர்ப்பக்க மேடு.

இது புரிந்த பிள்ளைக்கு இன்னொரு புதிரையும் துணிந்து கொடுக்கலாம். பூமியைச் சூரியன் ஈர்க்கும் விசை நிலவின் விசையைப் போல் சுமார் 180 மடங்கு. ஆயினும் சூரியனால் எழும் ஓதம் நிலவினால் எழுவதில் பாதிக்கும் சற்றுக் குறைவே. சூரியன் மிகத் தொலைவில் இருப்பதால், பூமியின் மையத்துக்கும் விளிம்புக்கும் இடையே அதன் ஈர்ப்பு பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட வேறுபடுவதில்லை. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டும் ஒன்றுசேர்ந்து ஓதம் பெருகுவதும், அட்டமியை ஒட்டி ஒன்றையொன்று குறைத்து அடங்குவதும் இதன் தொடர்ச்சிதான். மனித உடலிலும் நீர் இருப்பதால் முழுநிலவு நம்மையும் ஆட்டுகிறது என்று நம்புவோருக்கும் இதிலேயே விடை உண்டு: தலைக்கும் காலுக்கும் இடையே அந்த வேறுபாடு இல்லையென்றே சொல்லலாம். வட அமெரிக்காவின் மாபெரும் ஏரிகளில்கூட ஓதம் 5 செ.மீ.-ஐ எட்டுவதில்லை.

இரண்டு மேடுகள் என்பது பூமி முழுவதும் ஆழ்கடலாக இருந்தால் என்ற கற்பனைப் படம் என்பதையும் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. கண்டங்கள் குறுக்கே நிற்பதாலும் கடலடியின் வடிவாலும் ஓதத்தின் நேரமும் உயரமும் கரைக்குக் கரை மாறுகின்றன. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 16 மீட்டர் வரை ஏறுகிறது, மத்தியதரைக் கடலின் பெரும்பகுதியில் கண்ணுக்கே புலப்படாது. ஓதத்துக்குப் பூமியின் அசைவே காரணம் என்று கருதி, நிலவைக் காரணமாகச் சொன்ன வானியலாளர் கெப்ளரை கலிலியோ குறை கூறினார். நியூட்டன் 1687-இல் ஈர்ப்பின் வழியே விளக்கிய பிறகுதான் அடிப்படை தெளிவாயிற்று. கலிலியோ போன்ற அறிஞரே தடுமாறிய இடத்தை ஒரே பாடவேளையில் நாம் கடந்துபோகச் சொல்கிறோம்.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். நாள்தோறும் ஒரு மூலையில் சூரிய உதய, மறைவு நேரங்களை அச்சிடுகிறீர்கள். அவற்றை மாணவர் பக்கத்துக்கு மாற்றி, பகலின் நீளத்தையும், ஏதேனும் ஒரு துறைமுகத்தின் ஓத நேரங்களையும், அன்றைய நிலவின் வடிவத்தையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். ஓத நேரங்கள் முன்கூட்டியே கணிக்கப்பட்டுக் கிடைக்கின்றன. ஒரு மாதம் அவற்றை நோட்டில் எழுதிவரும் பிள்ளை, கடல் ஏற்றம் நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் தள்ளிப்போவதைத் தானே கண்டுகொள்ளும். நிலவு உதிப்பதும் அதே அளவில் தள்ளிப்போவதை யாராவது ஒரு பிள்ளை கவனித்துச் சொல்லும். ஆசிரியர் அன்று பாடத்தைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர்