என்ஜின் போனா ஓட்டுனவன் தப்பு, எப்பவும் இதே பதில்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல புது பைக் வந்தா அரைப்பக்கம் போடுறீங்க. எத்தனை சிசி, எத்தனை குதிரைத்திறன், எத்தனை கலர்னு எல்லாம் வருது, நானும் விடாம படிக்கிறவன்தான். ஆனா அதே பைக்கை சில வருஷம் கழிச்சு என்ஜின் இறக்கி டேபிள்ல வச்சிருக்கும்போது என்ன கதைன்னு ஒரு வரி வந்து நான் பார்த்ததில்ல. அதான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், இடம் இல்லன்னா எங்க வேணா வெட்டுங்க, டைமிங் செயின் விஷயத்துல மட்டும் கை வைக்காதீங்க.

நான் கேக்குறது ஒண்ணுதான். ஒரு மாடல்ல எந்த பார்ட் சீக்கிரம் போகும்னு கம்பெனிக்குத் தெரியும், சர்வீஸ் சென்டர்ல ஸ்பேனர் பிடிக்கிறவருக்கும் தெரியும், காசு கொடுத்து வாங்கின ஆளுக்கு மட்டும் ஏன் தெரியக்கூடாது?

என் வண்டியில காலையில ஸ்டார்ட் பண்ணதும் மேல் பக்கத்துல இருந்து சலசலன்னு ஒரு சத்தம் வர ஆரம்பிச்சுது. சர்வீஸ்ல சொன்னேன், ஓட்டிப் பார்த்துட்டு "இந்த வண்டிக்கு இது நார்மல் சார்"னு அனுப்பிட்டாங்க. அடுத்த சர்வீஸ்லயும் சொன்னேன், அதே நார்மல். வாரண்டி முடிஞ்சு கொஞ்ச நாள்ல ஓடிட்டிருந்த வண்டி நின்னுபோச்சு, தள்ளிக்கிட்டுப் போய் விட்டா ஹெட்டு, வால்வு, பிஸ்டன்னு ஒரு எஸ்டிமேட் நீட்டுறாங்க, அந்தக் காசுக்கு ஓடுற நிலைமையில ஒரு பழைய வண்டியே வாங்கிடலாம். ஏன் ஆச்சுன்னு கேட்டா, "ஆயில் நேரத்துக்கு மாத்தியிருக்க மாட்டீங்க." சர்வீஸ் பில் மொத்தத்தையும் எடுத்து மேஜையில வச்சேன். அப்புறம் பேச்சு மாறுச்சு, "ரஃபா ஓட்டியிருப்பீங்க." ரஃபா ஓட்டலன்னு எந்த பில்லை காட்டுறது சொல்லுங்க.

கடைசியில வேலை பார்த்த தம்பிதான் மெதுவா சொன்னாரு, "அண்ணே இந்த மாடல்ல டென்ஷனர் அப்படித்தான், இப்ப வர்றதுல மாத்திட்டாங்க." டென்ஷனர்னா என்ஜினுக்குள்ள ஓடுற டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கிற சின்ன பார்ட். பார்ட்ஸ் கவுண்டர்ல கேட்டப்போ அது உண்மைன்னு தெரிஞ்சுது. என் வண்டியில இருந்த பார்ட் நம்பரை கம்ப்யூட்டர்ல அடிச்சா அது வரல, கடைசி எழுத்து மாறி வேற நம்பர் வருது. கம்பெனிக்காரங்க சும்மா ஒரு பார்ட்டை திருத்தி புது நம்பர் போட மாட்டாங்க. ஒண்ணு செலவு குறையணும், இல்ல பழையது உருப்படியில்லன்னு தெரிஞ்சிருக்கணும். சில சமயம் ரெண்டும்தான். எனக்கு எதுன்னு கேட்டேன், இன்னைக்கு வரைக்கும் பதில் இல்ல.

டைமிங் செயின்னு மெக்கானிக்குங்க சொல்றது என்ஜினுக்கு உள்ள கீழ பிஸ்டன் சுத்த வைக்கிற கிராங்க்ல இருந்து மேல ஹெட்ல வால்வைத் திறந்து மூடுற கேம்ஷாஃப்ட்டை சுத்த வைக்கிற சின்ன செயின். வெளியில சக்கரத்துக்குப் போற செயினை எல்லாரும் பாக்குறாங்க, எண்ணெய் விடுறாங்க, இதை யாரும் பாக்குறதில்ல. ஓட ஓட இதுவும் நீளும், அந்த தொய்வை எடுக்கத்தான் டென்ஷனர், உள்ள ஸ்பிரிங்கோ ராட்செட்டோ ஆயில் பிரஷரோ வச்சு ஒரு கம்பியைத் தள்ளி செயினை அழுத்திப் பிடிக்கும். அது தள்ளலன்னா செயின் ஆடும், குளிர்ந்த என்ஜின்ல சத்தம் கேக்கும், சூடாச்சுன்னா கொஞ்சம் அடங்கும், அதனாலேயே நிறைய பேர் பழகிடுறாங்க. அப்படியே விட்டா ஒருநாள் செயின் பல்லு தாண்டும். தாண்டுச்சுன்னா வால்வு திறக்குற நேரமும் பிஸ்டன் மேல வர்ற நேரமும் ஒத்துப்போகாது, இப்ப வர்ற பைக் என்ஜின்ல பெரும்பாலும் ரெண்டும் ஒரே இடத்துக்குத்தான் மாத்தி மாத்தி வரும், நேரம் தப்பினா ஒண்ணோட ஒண்ணு முட்டும். வால்வு வளையும், கைடு விரியும், பிஸ்டன் தலையில பள்ளம் விழும், வால்வு தலை உடைஞ்சு உள்ள விழுந்தா சிலிண்டர் பிளாக்கும் சேர்ந்து போகும். இத்தனையும் உள்ளங்கையில அடங்குற ஒரு பார்ட்டால. முன்னாடியே மாத்தியிருந்தா என்ஜினை ஃப்ரேம்ல இருந்து இறக்காமலே பல வண்டியில ரெண்டு போல்ட் கழட்டி முடிச்சிருக்கலாம்.

இது என் ஒருத்தன் புலம்பல்னு நினைச்சுடாதீங்க, பெரிய பெரிய பேரெல்லாம் இந்த வரிசையில இருக்கு. ஹார்லி டேவிட்சன் 1999 மாடல்ல கொண்டு வந்த ட்வின் கேம் 88 என்ஜின்ல கேமை ஓட்டுற செயினை அழுத்திப் பிடிக்க ஸ்பிரிங் வச்ச பிளாஸ்டிக் ஷூ இருந்துச்சு. அது தேயும், தேஞ்ச தூள் ஆயிலோட கலந்து ஆயில் பம்ப் வரைக்கும் போகும். 2007ல ட்வின் கேம் 96 வந்தப்போ ஹைட்ராலிக் டென்ஷனரா மாத்தினாங்க. ஹோண்டாவோட விஎஃப்750, 80கள் தொடக்கத்துல வந்த வி4 வண்டி, ஹோண்டான்னாலே கண்ண மூடிட்டு வாங்கலாம்னு பேசின காலம், அதுல கேம் தேஞ்சு பேரு கெட்டுச்சு, 1986ல விஎஃப்ஆர்750 விட்டப்போ செயினே வேண்டாம்னு கேமை கியர்ல ஓட விட்டாங்க. கவாஸாகி கேஎல்ஆர்650 கதை இன்னும் வேடிக்கை. 1987ல வந்த வண்டி, என்ஜின் அதிர்வைக் குறைக்கிற பேலன்சரோட செயினை இறுக்குற ஒரு சின்ன லீவர் உடைஞ்சு உள்ளேயே விழும். வெளியில பார்ட்ஸ் செய்யுறவங்க கெட்டியான லீவர் செஞ்சு வித்தாங்க, ஓனருங்க தாங்களே கவரைக் கழட்டி மாத்திக்கிட்டாங்க, கம்பெனி டிசைனை மாத்துனது 2008 மாடல்லதான். இருபது வருஷம் சார்!

நல்ல கம்பெனிக்கும் தப்பு நடக்கும், அதை நான் குத்தம் சொல்லல. லட்சக்கணக்குல ஒரு பொருள் செஞ்சா எங்கயாவது இடிக்கும். தெரிஞ்ச பிறகு யாருகிட்ட சொல்றாங்கன்னுதான் எனக்கு கோவம். பிரேக்கோ பெட்ரோல் லீக்கோ இருந்தா ரீகால் வரும், ஏன்னா அது உயிர் பாதுகாப்பு கணக்கு. என்ஜின் தேஞ்சு போறது அந்தக் கணக்குல பெரும்பாலும் வராது, அது "தேய்மானம்". அதுக்கு கம்பெனி டீலருக்கு மட்டும் ஒரு சர்வீஸ் புல்லட்டின் அனுப்பும், இந்த சத்தம் வந்தா இந்த பார்ட்டை மாத்துன்னு. வாரண்டிக்குள்ள வந்து கத்துறவனுக்கு ஓசியில மாத்துவாங்க, கத்தத் தெரியாதவனுக்கு "நார்மல்". வேகமா போறப்போ என்ஜின் சீஸ் ஆகி பின் சக்கரம் லாக் ஆனா அது உயிர் பாதுகாப்பு இல்லையாமா, இதை எந்த ஆபீஸர்கிட்டயாவது உக்காந்து கேக்கணும். அமெரிக்காவுல என்ஹெச்டிஎஸ்ஏன்னு ரோடு பாதுகாப்புக்கு ஒரு அரசு அமைப்பு இருக்கு, பழுது பத்தி கம்பெனி தன்னோட டீலருக்கு அனுப்புற புல்லட்டினை அங்கேயும் கொடுக்கணும், அவங்க வெப்சைட்ல பொதுஜனம் பாக்கலாம். அங்க அதனால எந்தக் கம்பெனியும் கடையை மூடிட்டுப் போகல.

அடுத்தது எஸ்டிமேட். புகை வருதுன்னு போனாலே "பிளாக் பிஸ்டன் போட்டுடலாம்"னு ஆரம்பிக்கிறாங்க. ஆக்சிலரேட்டர் முறுக்கும்போது நீலப் புகை தொடர்ந்து வந்தா பிஸ்டனைச் சுத்தி இருக்கிற ரிங்கு பக்கம் பாக்கணும். இறக்கத்துல ஆக்சிலரேட்டரை விட்டு வந்து திரும்ப முறுக்குறப்போ, இல்ல கொஞ்ச நேரம் ஐடில்ல நின்னுட்டு கிளம்புறப்போ மட்டும் குப்புன்னு வந்தா வால்வு சீல்தான் முதல் சந்தேகம், அந்த சீல் ஒரு ரப்பர் துண்டு. ரெண்டுக்கும் செலவு வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். ஆனா எதுன்னு பாக்க சிலிண்டர்ல எவ்வளவு அழுத்தம் நிக்குதுன்னு அளக்குற கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கணும், குறைவா இருந்தா பிளக் ஓட்டை வழியா கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி எடுக்கணும், ஏறுச்சுன்னா ரிங்கு, ஏறலன்னா வால்வு. இது பழைய மெக்கானிக்குங்க தூக்கத்துல செய்யுற வேலை. இன்னொண்ணு, பல சிங்கிள் சிலிண்டர் வண்டியில ஸ்டார்ட் ஈஸியா ஆக கேம்லயே அந்த அழுத்தத்தைக் கொஞ்சம் வெளிய விடுற டீகம்ப்ரஷன் அமைப்பு இருக்கு, அதுல சாதாரண மீட்டர் வச்சா நல்ல என்ஜினும் நோஞ்சானாத்தான் காட்டும். அந்த நம்பரைக் காட்டி "என்ஜின் போச்சு சார்"னு சொன்னா கையெழுத்து போடாதீங்க, காத்தை உள்ள விட்டு எங்க கசியுதுன்னு பாக்குற லீக்டவுன் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க.

பிஸ்டன் ஏறி இறங்குற சிலிண்டர் உள்பக்கம், அதைத்தான் போர்னு சொல்வாங்க, அந்த விஷயமும் அப்படித்தான். முன்னாடி எல்லாம் இரும்பு ஸ்லீவ், தேஞ்சா கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர்னு ரீபோர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு இன்னும் பல வருஷம் ஓட்டினாங்க. இப்ப நிறைய வண்டியில அலுமினிய பிளாக்ல நிக்கல் சிலிக்கான் கார்பைடு பூச்சு. எடை கம்மி, சூடு சீக்கிரம் வெளிய போகும், நல்லா உழைக்கும், ஒத்துக்கிறேன். ஆனா ஒரு தடவை கீறல் ஆழமா விழுந்துட்டா பழைய மாதிரி ரீபோர் அடிச்சு ஒப்பேத்த முடியாது, திரும்ப பூச்சு போடணும், இல்லன்னா பிளாக்கையே மாத்தணும். கிராங்க் பக்கம் போனா பல வண்டியில பிஸ்டனையும் கிராங்க்கையும் சேர்க்கிற கனெக்டிங் ராடோட பேரிங் தனியா தர மாட்டாங்க, கிராங்க் முழு செட்டா வாங்குன்னுவாங்க. வண்டி விக்கும்போது இதை ஒருத்தராவது சொன்னாங்களா? மைலேஜ் மட்டும் பாடமா ஒப்பிக்கிறாங்க.

சத்தம் வந்தாதான் பிரச்சனைன்னு நினைக்கிறதும் தப்பு. டேப்பட், அதாவது வால்வுக்கு விடுற சின்ன இடைவெளி, லூசா இருந்தா டிக் டிக்னு கேக்கும், டைட்டானா சத்தமே இருக்காது, வண்டி பட்டு மாதிரி ஓடும், உள்ள எக்ஸாஸ்ட் வால்வு சரியா உக்காராம எரிஞ்சுகிட்டிருக்கும். வால்வு தன் சூட்டுல பெரும்பகுதியை சீட்ல உக்காரும்போதுதான் இறக்கும், சரியா உக்காரலன்னா சூடு இறங்காது. அதனால டேப்பட் செக் பண்ணச் சொல்லி மேனுவல்ல போட்டிருக்கிற கிலோமீட்டர் சும்மா அலங்காரத்துக்கு இல்ல. அந்த இடைவெளியை ஷிம்ங்கிற சின்ன தகடு மாத்தி சரி பண்ற என்ஜின்ல இந்த வேலைக்கு நேரம் பிடிக்கும், அதனால சர்வீஸ் லிஸ்ட்ல டிக் மட்டும் விழும், கவர் கழண்டிருக்காது. கவர் போல்ட்டுல ஒரு துளி பெயின்ட் வச்சுட்டு விடுங்கன்னு ஒரு நண்பர் சொன்னாரு, கேக்க கேவலமா இருக்கு, ஆனா வேலை செய்யுது.

ஓனர் பக்கம் தப்பே இல்லன்னு நான் சாதிக்கல. பெரும்பாலான பைக்ல என்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூணுக்கும் ஒரே ஆயில், சின்ன வண்டியில மொத்தமே ஒரு லிட்டர் பக்கம்தான் பிடிக்கும். அதுல கால் பங்கு எரிஞ்சு போனாலே மிச்சம் இருக்கிற முக்கால் பங்குதான் மொத்த வேலையும் பார்க்கணும். மாத்துற தேதியை மட்டும் பாத்துட்டு நடுவுல லெவல் பாக்காதவங்க நிறைய. மிச்சமான கார் ஆயிலை ஊத்துறவங்களும் இருக்காங்க, அதுல உராய்வைக் குறைக்கிற சமாச்சாரம் இருந்தா கிளட்ச் வழுக்கும், பைக்குக்குன்னு ஜேஏஎஸ்ஓ எம்ஏ, எம்ஏ2ன்னு டப்பாவுல போட்டிருக்கும். ஆனா ஒருத்தன் ஆயில் மாத்தலன்னு ஒரு மாடல் முழுக்க அதே டென்ஷனர் போகாது.

அதனால சட்டம் போடுற இடத்துல இருக்கிறவங்க கண்ணுல படுற மாதிரி எழுதுங்க. டீலருக்குப் போற ஒவ்வொரு சர்வீஸ் புல்லட்டினும் வண்டி வச்சிருக்கிறவருக்கும் போகணும், செஸிஸ் நம்பர் அவங்ககிட்டதான் இருக்கு, போன் நம்பரும் இருக்கு, ஆஃபர் மெசேஜ் மட்டும் தவறாம வருதே. ஒரு பார்ட் திருத்தினா ஏன் திருத்தினாங்கன்னு ஒரு வரி. என்ஜின் பிரிச்சா போர் எவ்வளவு தேஞ்சிருக்கு, ரிங்கு கேப் எவ்வளவு, கம்பெனி சொல்ற எல்லை எவ்வளவுன்னு அளந்த நம்பர் பில்லுலயே இருக்கணும், கழட்டின பார்ட்டை கேக்காமலே கையில கொடுக்கணும். "தேஞ்சிருக்கு சார்"ங்கிறது அளவு இல்ல.

உங்களுக்கும் ஒரு வேலை வைக்கிறேன், கோவிச்சுக்காதீங்க. அடுத்த தடவை புது பைக் அரைப்பக்கம் போடும்போது கம்பெனி ஆளுகிட்ட நாலு கேள்வி கேளுங்க. சிலிண்டர் ஸ்லீவா பூச்சா, ஓவர்சைஸ் பிஸ்டன் உண்டா, கிராங்க் பேரிங் தனியா கிடைக்குமா, இதே என்ஜின்ல போன மாடலுக்கு எந்தெந்த பார்ட் நம்பர் மாறியிருக்கு. பதில் வந்தா போடுங்க, வரலன்னா "பதில் தரவில்லை"ன்னு அதே பக்கத்துல அச்சடிங்க.

இப்படிக்கு,
என்ஜின் இன்னும் டேபிள்ல கிடக்கிற உங்க வாசகன்