ஆண்டைப் பார்த்துக் கணினிகளைக் கழிக்க வேண்டாம்: கோரிக்கை மனு

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
தகவல் தொழில்நுட்பப் பிரிவு,
கல்வித் துறை.

பொருள்: புதிய லினக்ஸ் பதிப்பு ஏற்காத கணினிகளைக் கழிவு செய்யும் உத்தரவைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஆய்வகக் கணினிகள் அனைத்தையும் லினக்ஸ் வகைகளில் ஒன்றான ஆல்மாலினக்ஸ் 10 இயங்குதளத்துக்கு மாற்ற வேண்டும் என்றும், 2013ஆம் ஆண்டுக்கு முன் வாங்கியவற்றைக் கழிவு செய்து பட்டியல் அனுப்ப வேண்டும் என்றும் சுற்றறிக்கை வந்துள்ளது. பதிப்பு மாறுவதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. வாங்கிய ஆண்டை அளவுகோலாக வைத்ததைத்தான் ஏற்க முடியவில்லை.

ஆல்மாலினக்ஸுக்கு மூலமான, ரெட் ஹேட் நிறுவனத்தின் என்டர்பிரைஸ் லினக்ஸின் 10ஆம் பதிப்பு 2025 மே மாதம் வெளியானது. கணினியின் செயலியில் ஏவிஎக்ஸ்2 (ஒரே நேரத்தில் பல எண்களைக் கையாளும் கட்டளைகள்) உள்ளிட்ட கட்டளைத் தொகுப்புகள் இருந்தால்தான் அது இயங்கும். இதை எக்ஸ்86-64-வி3 நிலை, சுருக்கமாக வி3 நிலை என்பார்கள். இன்டெல் இவற்றை 2013இல் வந்த ஹாஸ்வெல் தலைமுறையில் கொண்டுவந்தது. சுற்றறிக்கையில் உள்ள ஆண்டு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆனால் அதே தலைமுறையின் பென்டியம், செலிரான் செயலிகளுக்கு அந்த வசதி தரப்படவில்லை. 2017இல் சந்தைக்கு வந்த பென்டியம் ஜி4560இல்கூட ஏவிஎக்ஸ்2 கிடையாது. உத்தரவை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினால், பட்டியலுக்குத் தப்பிய இந்தக் கணினியில் புதிய பதிப்பு இயங்காது. 2012ஆம் ஆண்டின் கோர் ஐ5 கணினியோ, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கழிவுக் கிடங்குக்குப் போய்விடும்.

அந்தக் கோர் ஐ5க்கு வழி இல்லாமல் இல்லை. ஆல்மாலினக்ஸ் தன் 10ஆம் பதிப்பை, ஏவிஎக்ஸ்2 தேவைப்படாத, முந்தைய வி2 நிலைச் செயலிகளுக்காகத் தனியாகவும் தொகுத்து வெளியிடுகிறது. மேலே சொன்ன இரண்டு கணினிகளுக்கும் அது பொருந்தும். ரெட் ஹேட் 10க்கென்று வெளியார் தொகுத்த மென்பொருள்கள் அதில் ஓடாமல் போகலாம் என்பதை மறைக்க விரும்பவில்லை. எங்கள் பாடத்திட்டத்துக்கு அவை தேவைப்படுவதில்லை. அது வேண்டாம் என்றால் ஆல்மாலினக்ஸ் 9 இருக்கிறது. அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2032 மே வரை வரும். வி2 நிலையையும் எட்டாத, ஆனால் 64 பிட் செயலி கொண்ட கணினிகளுக்கு டெபியன் 13 என்ற வேறொரு லினக்ஸ் வகை போதும்.

லினக்ஸை உருவாக்குபவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. ஒவ்வொரு பழைய செயலிக்கும் தொகுத்து, சோதித்து, பிழை திருத்த ஆள் வேண்டும், அந்த வன்பொருளும் கையில் வேண்டும். மிகப் பழைய 80386 செயலிக்கான ஆதரவை, லினக்ஸின் மையப் பகுதியான கர்னலே 2012 டிசம்பரில் நீக்கிவிட்டது, யாரும் அழவில்லை. ஆனால் ரெட் ஹேட் என்ற வணிக நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்காக வகுத்த எல்லை, மாணவர்கள் பைத்தான் பழகும் ஆய்வகத்துக்கும் எல்லையாக வேண்டியதில்லை.

32 பிட் கணினிகளுக்காக நாங்கள் வாதாட வரவில்லை. டெபியன் 13 அவற்றுக்கான நிறுவியையும் கர்னலையும் கைவிட்டுவிட்டது. அவற்றை இணையத்திலிருந்து துண்டித்து, தட்டச்சுப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளவோ கழித்துவிடவோ துறை முடிவு செய்யலாம்.

எனவே, வாங்கிய ஆண்டு என்ற நிபந்தனையை நீக்கி, செயலியின் நிலையைக் கொண்டு முடிவெடுக்குமாறு சுற்றறிக்கையைத் திருத்தித் தருமாறு வேண்டுகிறோம். லினக்ஸில் எல்எஸ்சிபியு என்ற கட்டளையை இட்டால் செயலியின் வசதிகள் வரிசையாக வந்துவிடும். வி3 நிலைக்குத் தேவையான ஏவிஎக்ஸ்2 இருக்கிறதா, வி2 நிலைக்குத் தேவையான எஸ்எஸ்இ4.2 இருக்கிறதா என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது ஒரு கணினிக்கு ஒரு நிமிட வேலை. அந்தக் கணக்கெடுப்பை நாங்களே செய்து தருகிறோம். அது முடியும் வரை கழிவு ஏலத்தை நிறுத்திவைக்க வேண்டும். இனி வாங்கும் கணினிகளுக்கான ஒப்பந்தப்புள்ளியில் தலைமுறைப் பெயரை மட்டும் எழுதாமல், வி3 நிலை கட்டாயம் என்றும் சேர்க்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கணினி ஆய்வகப் பயிற்றுநர்கள்