மீனாட்சிபுரத்துச் சித்தப்பாவுக்கு, அந்தப் பழைய கம்ப்யூட்டர் விஷயமாக

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

போன வாரம் போனில் உங்கள் கடைக் கம்ப்யூட்டரைப் பற்றிய பேச்சு பாதியில் நின்றுபோனது. "ஏட்டி, ஓடுத வண்டிய எதுக்குக் கழட்டச் சொல்லுத?" என்று கேட்டீர்கள். அதற்குள் கடைக்கு ஆள் வந்துவிட்டது. போனில் எனக்குக் கோவையாகச் சொல்ல வராது என்பதால் எழுதுகிறேன். நம் திருநெல்வேலியில் சந்திப்பிலும் டவுனிலும் பாளையங்கோட்டையிலும் உங்களைப் போல இன்னும் பலர், கம்ப்யூட்டரில் பத்திரிகையும் நோட்டீசும் அடித்துக் கொடுக்கிற டிடிபி கடை வைத்திருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன். கோபிக்க வேண்டாம்.

நீங்கள் மாற மறுப்பதில் நியாயம் இருக்கிறது. நீங்கள் பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கர் 7 மென்பொருள் வந்தது 2001இல். அதற்குப் பிறகு, சின்னத் திருத்தங்கள் தவிர, அடோபி நிறுவனம் அதில் புதுப் பதிப்பே போடவில்லை. இன்று அவர்களுடைய மென்பொருள் வேண்டுமென்றால் மாதா மாதம் வாடகை கட்ட வேண்டும். முகூர்த்தமே இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் அந்தத் துட்டுக்கு எங்கே போவது? பன்னிரண்டு வருஷமாக மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவள் சொல்கிறேன், எங்கள் துறை 'அப்டேட் பண்ணுங்கள்' என்று சொல்லும்போது பல நேரம் அது எங்கள் வசதிக்காகத்தான். ஓடுகிற மெஷினை ஓடவிடுவது தப்பே இல்லை. உங்கள் மெஷினில் ஓடுகிற விண்டோஸ் எக்ஸ்பியை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலோடு கைவிட்டுவிட்டது என்று தெரிந்து, அதற்கு நெட் இணைப்பே கொடுக்காமல் வைத்திருக்கிறீர்களே, அது என் ஆபீசில் பலருக்கு வராத புத்தி.

நான் கழற்றச் சொன்னது மெஷினை இல்லை சித்தப்பா. உள்ளே கிடக்கிற எழுத்தை வெளியே எடுக்கச் சொன்னேன்.

2023 டிசம்பர் 17, 18 நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஆறு பெருகி சந்திப்புப் பக்கமெல்லாம் தண்ணீர். நீங்கள் பீரோவை விட்டீர்கள், கடைக் கணக்கை விட்டீர்கள், அந்த சிபியுவை மட்டும் தலையில் தூக்கிக்கொண்டு மாடி ஏறினீர்கள். காப்பி எடுத்து வைத்திருந்த சிடிக்கள் அட்டைப்பெட்டியோடு சகதியில் போயின. செல்போன் டவரும் விழுந்து கிடந்ததால் நீங்கள் இருக்கிறீர்களா என்றே தெரியாமல் இரண்டு நாள் சென்னையில் நான் பட்டது தனிக்கதை. இருபது வருஷ வேலைக்கு இன்று மிச்சமிருப்பது அந்த ஒரு ஹார்டு டிஸ்க். சுழலுகிற டிஸ்க் என்றைக்காவது நிற்கும். சில சமயம் இரண்டு நாள் கடகடவென்று சத்தம் கொடுக்கும், சில சமயம் அதுவும் கொடுக்காது.

டிஸ்க் பிழைத்தாலும் அடுத்த சிக்கல் இருக்கிறது. அதைத்தான் போனில் சொல்ல வந்தேன். நீங்கள் 'தமிழ்' என்று அடிக்கும்போது ஃபைலுக்குள் போய் உட்காருவது தமிழ் இல்லை. ஜே, கே, பி, ஓ என்று நாலு ஆங்கில எழுத்து, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. பாமினி எழுத்துரு ஜே இருக்கும் இடத்தில் 'த' என்ற படத்தைக் காட்டுகிறது, கே இருக்கும் இடத்தில் 'ம'. தட்டச்சில் 'யளனகப' பழகிய விரலுக்கு அது அப்படியே பொருந்தியது. உங்களிடம் இருந்த, தட்டச்சுத் தேர்வில் லோயர், ஹையர் பாஸ் பண்ணிய அக்காமார் அத்தனை பேரும் ஒரே வாரத்தில் டிடிபிக்கு மாறியது அதனால்தான். ஆனால் பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் அந்த ஃபைல் வெறும் ஆங்கிலக் குப்பை. வானவில் எழுத்துருவில் அடித்ததற்கு வேறு கணக்கு, ஸ்ரீலிபிக்கு இன்னொன்று.

ஒருங்குறி, அதாவது யூனிகோடு என்று உலகத்துக்கே பொதுவான எழுத்துக் கணக்கு ஒன்று இருக்கிறது. அதில் தமிழுக்கென்றே 128 இடம் கொண்ட தனித் தொகுதி உண்டு. அங்கே 'க' என்றால் எந்த ஊர் போனிலும் 'க'தான். தமிழக அரசே 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. இன்று செயற்கை நுண்ணறிவு என்று பேசுகிறார்களே, அது படிப்பதும் இந்த எழுத்தைத்தான். உங்கள் டிஸ்கில் இருக்கும் நம் ஊர்த் தமிழ் அதன் கண்ணில் படவே படாது.

அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கல்யாணப் பத்திரிகைகள் இருக்கின்றன. எந்த ஊர்ப் பெண் எந்த ஊருக்குப் போனாள், யார் தாய்மாமன், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் எந்த வருஷத்திலிருந்து குறைந்து படிப்புப் பட்டம் கூடியது என்று எல்லாமே அதில் தெரியும். சுடலைமாடன் கோயில் கொடை நோட்டீஸ்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வில்லுப்பாட்டுக்காரத் தாத்தா உங்கள் பெஞ்சில் உட்கார்ந்து கதை சொல்லச் சொல்ல நீங்கள் அடித்த அறுபது பக்கம். புத்தகமாகப் போடத் துட்டு சேரும் முன்பே அவர் போய்விட்டார். அவர் வீட்டில் கைப்பிரதி கூட இல்லை என்று நீங்களே சொன்னீர்கள்.

உ.வே.சா. ஓலை தேடி நம் ஊர்க் கவிராயர் வீடுகளுக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்தார். செல் அரித்திருந்தாலும் ஏட்டை அவிழ்த்தால் எழுத்து கண்ணுக்குத் தெரிந்தது. உங்கள் டிஸ்கை நூறு வருஷம் கழித்து ஒருவர் கண்டெடுத்தால் எதை அவிழ்ப்பார்?

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. டிஸ்கைக் கழற்றி யூஎஸ்பி கேபிளில் மாட்டி, அதில் எதையும் எழுதாமல் முழுசாக ஒரு நகல் எடுப்பேன். கெட்ட இடங்கள் இருந்தால் டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருள் நல்ல பகுதிகளை முதலில் காப்பாற்றிவிட்டு, மற்றதைப் பிறகு முயலும். பிறகு பேஜ்மேக்கரிலிருந்து எழுத்தை வெளியே எடுத்து மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு நிரல் நானே எழுதிவிட்டேன். 'கொ' அடிக்க நீங்கள் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால் போடுவீர்கள். ஒருங்குறியில் க முன்னால் நிற்கும், ஒகரக் குறி பின்னால் வரும். அந்த வரிசை மாற்றம் சரியாக வருகிறது. வராதது ஒன்றுதான். அவசரத்தில் துணைக்காலுக்குப் பதில் 'ர' அடித்திருந்தால் தாளில் யாருக்கும் தெரியாது, தேடும்போது அந்தச் சொல் கிடைக்காது. அதை வரி வரியாகப் பார்க்கப் பழகிய கண் வேண்டும். உங்களைவிட நல்ல கண் எனக்குத் தெரியாது. முதலில் வில்லுப்பாட்டை எடுப்போம். பத்திரிகைகளில் வீட்டு விலாசமும் போன் நம்பரும் இருக்கின்றன, அவற்றைப் பொதுவில் போட மாட்டேன்.

டிஸ்கைத் திரும்ப மாட்டிக் கொடுத்துவிடுவேன், பேஜ்மேக்கர் முன்பு போலவே ஓடும். வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன், சனிக்கிழமை வெள்ளன கடைக்கு வந்துவிடுவேன். அதுவரை அந்த மெஷினை வேலைக்குத் தவிர மற்றபடி போட வேண்டாம். மூலைக்கடை அண்ணாச்சியிடம் யுபிஎஸ் பேட்டரி பார்க்கச் சொல்லியிருக்கிறேன், வந்தால் மாட்டவிடுங்கள்.

சித்தியிடம் சொதி வேண்டும் என்று சொல்லுங்கள்.

உங்கள் அண்ணன் மகள்