நோய் ஆயுதமல்ல, தோல்வியின் காரணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜான் வூவின் 'ரெட் கிளிஃப்' (2008, 2009 என இரண்டு பாகங்கள்) குறித்த உங்கள் கட்டுரை, கி.பி. 208 குளிர்காலத்தில் யாங்சி ஆற்றில் நடந்த போரைப் படம் அப்படியே கண்முன் நிறுத்துகிறது என்கிறது. இதை ஏற்க முடியவில்லை. படமாக்கிய விதம் அபாரம்தான். ஆனால் வடக்குப் படைக்குத் தலைமை தாங்கிய சாவ் சாவ் ஏன் தோற்றார் என்ற கேள்விக்கு அது தரும் விடை தவறு.

படத்தில் கொள்ளைநோய் சாவ் சாவின் கையில் ஆயுதமாகிறது. செத்த வீரர்களைப் படகுகளில் ஏற்றி எதிரியின் கரைக்கு அனுப்புகிறார். பழைய நூல்கள் எதிலும் இப்படி ஒரு செய்தி கிடையாது. மூன்றாம் நூற்றாண்டில் சென் ஷோ எழுதிய 'மூன்று அரசுகளின் வரலாறு' சொல்வதே வேறு. முதல் மோதலின்போதே வடக்குப் படையில் நோய் பரவியிருந்தது. அதில் தோற்றுத்தான் அது வடகரைக்கு ஒதுங்கியது. அந்நூலில் சாவ் சாவின் வரலாறு கூறும் பகுதி தீயைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. பெரும் நோய் கண்டது, அதிகாரிகளும் வீரர்களும் பலர் மாண்டார்கள், படையைத் திருப்பிக்கொண்டு போனார் என்பதோடு முடிகிறது.

தெற்கின் தளபதி சோ யூ இதை முன்பே கணித்திருந்தார். குதிரையேறிப் பழகியவர்கள் படகேறி வருகிறார்கள். கடுங்குளிரில் குதிரைகளுக்குத் தீவனம் இல்லை. தண்ணீரும் மண்ணும் ஒத்துக்கொள்ளாமல் நோயில் விழுவார்கள் என்று தன் தலைவர் சுன் சுவானிடம் அவர் சொன்னது பதிவாகியிருக்கிறது. படத்தில் வரும் எட்டு லட்சம் வீரர்கள் என்பது சாவ் சாவ் மிரட்டலுக்காகச் சொன்ன எண். சோ யூவின் கணக்குப்படி, களைத்துப்போன வடக்கத்தியர் 1,50,000 முதல் 1,60,000 வரை. புதிதாகச் சரணடைந்து இன்னும் மனம் ஒட்டாதவர்கள் அதிகம் போனால் 70,000 அல்லது 80,000. அவர் 50,000 பேர் கேட்டார், கிடைத்தது 30,000.

எதிரிக் கப்பல்களை எரிக்கத் தெற்கு அனுப்பிய தீப்படகுகளைப் பற்றி இன்னும் விரிவாகவே பழைய குறிப்புகள் பேசுகின்றன. திட்டம் ஹுவாங் காய் என்ற தெற்குத் தளபதியுடையது. எதிரியின் கப்பல்கள் முன்னும் பின்னுமாகப் பிணைக்கப்பட்டிருந்ததைப் பார்த்துத்தான் அவர் இதைச் சொன்னார். ஒன்று பற்றினால் அடுத்ததை விலக்க நேரமிருக்காது. படகுகளில் காய்ந்த நாணலும் விறகும் அடுக்கி, மீன் எண்ணெய் ஊற்றி, மேலே சிவப்புத் துணி போர்த்திக் கொடிகள் நட்டார்கள். தப்பித்து வரச் சிறு படகுகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். சரணடைவதாகக் கடிதம் முன்பே போய்விட்டது. தென்கிழக்குக் காற்று பலமாக வீச, முன்னால் சென்ற பத்துப் படகுகள் நடு ஆற்றில் பாய் விரித்தன. வீரர்கள் ஒரே குரலில் 'சரண்' என்று கத்த, எதிரி வீரர்கள் முகாமைவிட்டு வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். எதிரியிடமிருந்து இரண்டு லீக்குச் சற்று அதிகமான தூரத்தில், அதாவது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தொலைவில், எல்லாப் படகுகளுக்கும் ஒரே நேரத்தில் தீ வைத்தார்கள். அதற்கும் முன்பே வைத்திருந்தால் பிணைப்பை அறுத்துக்கொள்ள எதிரிக்கு அவகாசம் கிடைத்திருக்கும். தீ கப்பல்களோடு நிற்காமல் கரை முகாமுக்கும் தாவியது.

தெற்கோடு கூட்டுச் சேர்ந்த லியு பெய்யின் ஆலோசகர் ஜூகே லியாங் பூசை செய்து காற்றை வரவழைத்தார் என்று பிற்கால நாவல் சொல்வதைப் படம் தவிர்த்து, வானிலையைக் கவனித்து அறிந்தார் என்று காட்டியதைப் பாராட்ட வேண்டும். ஆனால் சோ யூவின் மனைவி சியாவ் சியாவ் எதிரி முகாமுக்குப் போய்த் தேநீர் கொடுத்துத் தாமதப்படுத்துவது முழுக்கக் கற்பனை.

முடிவும் அப்படித்தான். படத்தில் சோ யூ, சாவ் சாவை நேருக்கு நேர் மடக்கி, போகவிடுகிறார். நடந்ததோ, சாவ் சாவ் ஹுவாரோங் பாதை வழியாகத் தப்பினார். பாதை சேறாக இருந்ததால், நோயாலும் பசியாலும் தளர்ந்த வீரர்களைப் புல் சுமந்து வந்து நிரப்பச் சொன்னார்கள். குதிரைகள் அவர்களையே மிதித்துக் கடந்தன, பலர் சேற்றில் புதைந்து இறந்தார்கள். சோ யூவுக்கும் போர் அன்றே முடியவில்லை. ஜியாங்லிங் கோட்டையைப் பிடிக்க ஓராண்டுக்கு மேல் போராடினார். அங்கே அம்பு பாய்ந்து படுகாயமடைந்தார். அடுத்த முறை இப்படத்தைப் பற்றி எழுதும்போது இந்த ஹுவாரோங் பாதைக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

- வாசகர் ஒருவர், திருச்சி