"நமது நிருபர்" நான்தான் ஐயா

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

யாங்கோன்ல இருந்து எழுதுறேன், எங்க ஆளுங்க வாயில இன்னும் ரங்கூன்தான். போன மாசம் உங்க ஞாயிறு இணைப்புல இங்க பக்கத்துல இருக்கிற பீலிக்கான் ஊர் அங்காள பரமேஸ்வரி கோயில் தீமிதி பத்தி முக்கா பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்துச்சு, படத்தோட ரொம்ப அழகா போட்டிருந்தீங்க, அச்சுல ஒரு குறையும் சொல்ல முடியாது. தலைப்புக்குக் கீழ "நமது நிருபர்"னு இருந்துச்சு. அது நான்தான். ஆனா நான் உங்க நிருபர் இல்ல, இங்க சின்னதா ஒரு மளிகைக் கடை வச்சிருக்கவன், கடைய வீட்டுக்காரி கையில விட்டுட்டு மூணு ஞாயித்துக்கிழமை தான்லியின்ங்கிற ஊருக்குப் போற பாலம் தாண்டிப் போய், வயசானவங்ககிட்ட உக்காந்து கேட்டு, ராத்திரி கரண்ட் இருக்கிற நேரம் பார்த்து ஃபோன்லயே டைப் பண்ணி அனுப்பினது அது.

ஆபீசுக்கு ஃபோன் போட்டேன். "வெளியில இருந்து வர்ற மேட்டருக்கு அப்படித்தான் போடுவோம்"னு ஒரு தம்பி மரியாதையாத்தான் சொன்னாரு. சரிதான், ஆனா அதே இணைப்புல பின்பக்கம் பாருங்க, பலாப்பழ விலை பத்தி மூணு வரி லெட்டர் எழுதினவருக்கு இனிஷியல், பேரு, ஊரு எல்லாம் தடிச்ச எழுத்துல இருக்கு!

பேருக்கு இவ்ளோ அலட்டுறானேன்னு நினைப்பீங்க. இங்க நிலைமை கொஞ்சம் வேற ஐயா. எங்கள்ல நிறைய பேருக்கு ரெண்டு பேரு. ஸ்கூல் ரெஜிஸ்டர், அடையாள கார்டு, பேங்க் புக்கு, கடை லைசென்ஸ் எல்லாத்துலயும் பர்மா பேரு, வீட்லயும் கோயில்லயும்தான் தமிழ்ப் பேரு. எங்க அப்பத்தா வச்ச பேரு என் கல்யாணப் பத்திரிகையில ஒரு தடவை அச்சானதோட சரி, ரெண்டாவது தடவை உங்க பேப்பர்லதான் வந்திருக்கணும். அதனாலதான் மனசு ஆறல.

இன்னொண்ணு, பேரு போட்டாலும் பர்மா பேரை நம்ம பத்திரிகைங்க போடுற விதமே தனி. ஐ.நா. பொதுச் செயலாளரா இருந்த தாண்ட் அவர்களை யு. தாண்ட்னு புள்ளி வச்சுப் போட்டா அது ஏதோ அப்பா பேரோட இனிஷியல் மாதிரி ஆயிடுது. பர்மாவுல குடும்பப் பேரு, இனிஷியல் எதுவும் கிடையாது, அவர் பேரு வெறும் தாண்ட், முன்னாடி வர்ற "ஊ" நாம ஐயான்னு சொல்ற மாதிரி மரியாதைக்கு. பொம்பளைங்களுக்கு "டோ".

பேரு விஷயத்துல இந்த ஊர் எழுத்தாளருங்க பழக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பத்திரிகை பேரையே தன் பேருக்கு முன்னாடி மாட்டிக்குவாங்க. மாந்தலே ஊர்ல 1945-ல ஆரம்பிச்ச லூடு பத்திரிகைய நடத்தின புருசன் பொஞ்சாதி லூடு ஊ ஹ்லா, லூடு டோ அமா. வீட்டுக்காரரோட சேர்ந்து ஜர்னல்ஜோ பத்திரிகை நடத்தின மா மா லே அம்மா, ஜர்னல்ஜோ மா மா லே. அந்தப் பேப்பருங்க எப்பவோ நின்னு போச்சு, 37-வது தெரு பழைய புத்தகக் கடையில போய் கேட்டீங்கன்னா இன்னிக்கும் அந்தப் பேரச் சொன்னாத்தான் எடுத்துக் குடுப்பாங்க. இங்க பத்திரிகை எழுதுறவன் பேர்ல ஒட்டிக்கிட்டு இத்தனை வருசம் வாழுது, அங்க எழுதுறவன் பேர பத்திரிகை முழுங்கிடுது.

பேரு போடாமலும் புனைபெயர்லயும் பெரியவங்க எழுதலயான்னு கேட்பீங்க, எழுதியிருக்காங்க. 1937-ல இருந்து 42 வரைக்கும் இதே ரங்கூன்ல ஜோதி பத்திரிகை நடத்தின வெ. சாமிநாத சர்மா பல புனைபெயர்ல எழுதினவருதான். பாரதியாரு எழுதின "இந்தியா" பத்திரிகை மேல 1908-ல கேஸ் வந்தப்ப, ரெஜிஸ்டர்ல ஆசிரியர்னு பேரு இருந்த சீனிவாசன்தான் ஜெயிலுக்குப் போனாரு. பேரு போட்டா ஆபத்து வர்ற காலம் உண்டு, அது எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். ஆனா அதெல்லாம் எழுதுறவன் தானா மறைஞ்சு நிக்கிறது. கோயில் தீமிதி கட்டுரைக்கு என்னைக் கேக்காம என்னை மறைக்கிறது அதோட சேர்த்தி இல்ல.

சட்டமும் நம்ம பக்கம்தான் இருக்கு. இந்தியாவோட 1957 காப்பிரைட் சட்டத்துல 57-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, உரிமைய வித்தாலும் கூட இது நான் எழுதினதுன்னு சொல்லிக்கிற உரிமை எழுதினவன்கிட்டயே இருக்கும்னு சொல்லுது. நான் விக்கவே இல்ல, நீங்க காசும் அனுப்பல. கேஸ் கீஸ் எல்லாம் போட மாட்டேன், பயப்படாதீங்க.

என் பக்கமும் ஒரு தப்பு இருக்கலாம். பேர மெயில்ல மட்டும் எழுதியிருந்தேன், கட்டுரை ஃபைல்ல போடல. உங்க டெஸ்க்ல ஃபைல மட்டும் இறக்கி லேஅவுட்டுக்கு அனுப்பியிருப்பாங்க, பேரு மெயிலோட நின்னிருக்கும். இந்தத் தடவை அதே கட்டுரைய திரும்ப அனுப்பியிருக்கேன், தலைப்புக்கு அடுத்த வரியிலயே தமிழ்ப் பேரு இருக்கு, இனிஷியல் எதுவும் சேர்க்க வேண்டாம். வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டு வரி திருத்தம் போட்டா போதும், நெட்ல இருக்கிறதுலயும் மாத்திடுங்க. பீலிக்கான்ல எனக்கு கதை சொன்ன ஆயாவுக்கு அந்தப் பக்கத்தைக் கொண்டு போய் காட்டணும், "நீயா எழுதினே, உன் பேரு எங்கடா?"ன்னு அது கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லல.

இந்த லெட்டருக்கு மட்டும் பேரு போட வேண்டாம்.

இப்படிக்கு,
பீலிக்கான் கட்டுரைய எழுதினவன்,
யாங்கோன்