ஜூலியின் தண்ணீர் நோட்டு

அக்கா,

ஜூலி போய் நேற்றோடு நான்கு வருடம். நீ வைத்திருந்த படத்தை அம்மாவிடம் காட்டினேன். முடி அடர்த்தியாக இருந்தபோது எடுத்தது என்று சொல்லிவிட்டுப் பூக்கட்டப் போய்விட்டாள்.

நீ ஏன் வீட்டை விட்டுப் போனாய், அப்பா ஏன் பேசவில்லை என்பதெல்லாம் இந்தக் கடிதத்தில் வராது. சித்தப்பா வீட்டிலும் இதைப் படிப்பார்கள். உன் நாய் ஜூலியை என்னிடம் விட்டுப் போனாய், அதுவரைக்கும்தான் எழுதுகிறேன்.

2019 ஜூன் மாதம் உனக்குச் செய்தியாகத்தான் தெரியும். செங்குன்றம் ஏரி வறண்டு கிடந்தது. தண்டையார்பேட்டையில் நம் தெரு அடிபம்பை அடித்தால் காற்றுதான் வந்தது. லாரி வரும் நாளில் குடங்களை வரிசையில் போட்டுவிட்டு வேலைக்குத் தாமதமாகப் போனேன். அந்தக் கோடையில்தான் ஜூலி தண்ணீராகக் குடிக்கத் தொடங்கினாள். ஆறு கிலோ நாய். கிண்ணத்தை நிரப்பிவிட்டுத் திரும்பினால் காலி. குடித்ததெல்லாம் கூடத்தில் மூத்திரமாக நின்றது. அதைக் கழுவவும் தண்ணீர் வேண்டும். வயிறு தொங்கியது, விலாவின் இரண்டு பக்கமும் முடி கொட்டியது, சும்மா படுத்திருக்கும்போதும் மூச்சிரைத்தது. முதலில் காட்டிய மருத்துவர், பதினொரு வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்றார். நானும் நம்பினேன்.

பிறகு செய்ததை இதுவரை உன்னிடம் சொல்லவில்லை. ராத்திரி பத்து மணிக்குக் கிண்ணத்தை எடுத்துப் பரணில் வைத்தேன். தண்ணீர் இல்லாவிட்டால் மூத்திரம் இருக்காது என்று கணக்குப் போட்டேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை அக்கா, பதினொரு ராத்திரி.

பதினொன்றாம் ராத்திரி, இரண்டு மணி இருக்கும், சமையலறையில் ஏதோ உரசும் சத்தம். விளக்கைப் போட்டேன். மணல் பரப்பி அதன்மேல் அம்மா மண்பானை வைத்திருப்பாளே, அதன் அடியில் முகத்தை நுழைத்து, பானையில் வேர்த்திருந்த ஈரத்தை நக்கிக்கொண்டிருந்தாள் ஜூலி. நாக்கிலும் மீசையிலும் மணல். என்னைப் பார்த்ததும் காதை மடக்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள். திருடி மாட்டிக்கொண்டதைப் போல. நான் செம்பு செம்பாக ஊற்றினேன். மூச்சு வாங்க வாங்கக் குடித்தாள். குடித்து முடித்து என் கால்மேலேயே மூத்திரம் பெய்தாள். நான் காலை நகர்த்தவில்லை.

விடிந்ததும் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். முதலில் ஸ்கேன், சிறுநீர்ச் சோதனை. இன்னொரு நாள் டெக்சாமெத்தசோன் ஊசிக்கு முன் ஒரு முறை, நான்கு மணி நேரம் கழித்து ஒரு முறை, எட்டு மணி நேரம் கழித்து ஒரு முறை ரத்தம் எடுத்தார்கள். குஷிங் நோய். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் சிறு கட்டி. அதன் ஏவலில் அட்ரினல் சுரப்பிகள் கார்டிசால் என்ற ஹார்மோனை அளவுமீறிக் கொட்டுகின்றன. சிறுநீரகத்தால் தண்ணீரைப் பிடித்துவைக்க முடிவதில்லை. முதலில் மூத்திரம் போகிறது, அதை ஈடுகட்டத்தான் தாகம் வருகிறது. நான் தலைகீழாக நினைத்திருந்தேன். இந்த நோயில் தண்ணீரை மறைத்தால் உயிருக்கே ஆபத்து என்று அந்த மருத்துவர் பொதுவாகச் சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உனக்குத் தெரிந்ததெல்லாம் அதற்குப் பிந்தைய கதை. கார்டிசாலைக் குறைக்கும் ட்ரைலோஸ்டேன் மாத்திரைக்கு மாதாமாதம் பணம் அனுப்பினாய், அதை யாரும் மறுக்க முடியாது. ராத்திரி ஒன்பது மணிக்கு மஸ்கட்டிலிருந்து போன். "இன்றைக்கு எத்தனை மில்லி?" ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிக்கு மேல் போனால் அதிகம் என்று நீதான் படித்துச் சொன்னாய். நானும் அளந்து நோட்டில் எழுதினேன். தொடக்கத்தில் 1,100. ஒரு மாதம் கழித்து 480. நீ போனிலேயே அழுதாய். நீ கேட்கும் ஒவ்வொரு முறையும் எனக்குப் பானையடி மணல்தான் நினைவுக்கு வந்தது. நல்ல தம்பி என்று நீ சொன்னபோதும்தான்.

ஆனால் ஒன்று. அவள் சோற்றைத் தொடாமல் வாந்தியெடுத்த அன்று காலை நான் மாத்திரையைக் கொடுக்கவில்லை. பணம் அனுப்பியும் ஒரு மாத்திரையைக் கொடுக்க முடியாதா என்று கத்தினாய். பக்கத்தில் அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று ரத்தத்தில் கார்டிசால் அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. கொடுத்திருந்தால் அன்றே போயிருந்தாலும் போயிருப்பாள். அன்று நான் செய்தது சரி. நீ அதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஈரத்தரையில் அவளோடு உட்கார்ந்திருந்தது நான், நீ இல்லை.

கோபமாக எழுதிவிட்டேன். அழிக்கப்போவதில்லை. உன் குரல் கேட்டால் போன்மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொள்வாள், கடைசி வாரம்வரைக்கும். அதையும் நான் உன்னிடம் சொன்னதில்லை. பொறாமைதான்.

அந்த நோட்டை உன் முகவரிக்கு அனுப்புகிறேன். ஜூலை முதல் கடைசி நாள்வரை எல்லாம் இருக்கிறது. ஜூன் மாதத்தைத் தேடாதே. அப்போது நான் அளக்கவில்லை.

தம்பி