அந்த ஊசியை நம்பாதடா

டேய் ராசா,

நல்லா இருக்கியா. போன் எடுக்க மாட்டேங்குற, மெசேஜ் போட்டா ரெண்டு நீல டிக் வருது, அதோட சரி. அதான் நீளமா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன், பாதியில நிறுத்திடாம படி. அம்மா நல்லா இருக்கா. தங்கச்சி வீடு மாறிட்டா, புது வீட்டுல வெளிச்சம் நல்லா வருதாம். என் முட்டி அப்படியேதான் இருக்கு.

தங்கச்சிதான் போட்டோ காமிச்சா. காட்டணும்னு காட்டல, போன்ல வேற எதையோ தள்ளிக்கிட்டு இருந்தா, நடுவுல வந்துடுச்சு. செவப்பு மாஸ்டா ஆர்எக்ஸ் 7. எஃப்டி மாடல், பிஸ்டனுக்குப் பதிலா முக்கோண ரோட்டர் சுத்துற ரோட்டரி இன்ஜின். நம்மகிட்ட இருந்த அதே வண்டி, அதே கலரு. வாங்கி நாலு மாசம் ஆச்சாமே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உனக்கு? சரி விடு, உன் காசு, உன் வண்டி. ஹெட்லைட்டைத் தூக்கிக்கிட்டு நிக்குது பாரு, அழகுடா அது, பின்பக்கம் அந்த வளைவை எந்த ஆங்கிள்ல பாத்தாலும் சலிக்காது. பக்கத்துல நீ நிக்கிற. ரொம்ப மெலிஞ்சிருக்க. அம்மா கேக்கச் சொன்னா, நேரத்துக்கு சாப்பிடுறியான்னு.

வண்டி விஷயத்துக்கு வரேன். முதல்ல அந்த டெம்பரேச்சர் ஊசியை நம்பாத. அது சூடு ஏறுனதும் நடுவுல வந்து நிக்கும், அப்புறம் தண்ணி எவ்வளவு கொதிச்சாலும் ரொம்ப நேரம் நடுவுலயே நிக்கும், கம்பெனியே அப்படித்தான் பண்ணி வச்சிருக்கான். அது நகர்றதை நீ பாக்குறப்போ உள்ள கூலண்ட் தண்ணியைப் பிடிச்சு நிறுத்துற சீல் போயிருக்கும். அதனால நம்பர் காட்டுற கேஜ் ஒண்ணு தனியா வாங்கி மாட்டு, இந்த வாரமே மாட்டு. கூலண்ட்ல காத்துப் பிரிக்கிற சின்ன டேங்க் ஒண்ணு இருக்கும், பிளாஸ்டிக், அது சூட்டுல வெந்து வெந்து ஒரு நாள் விரிசல் விடும், அலுமினியத்துல கிடைக்குது, மாத்திடு. காலையில ஸ்டார்ட் பண்ணி வண்டியைப் பத்தடி நகத்திட்டு ஆஃப் பண்ற வேலை வேணாம், பெட்ரோல் உள்ளேயே தேங்கி ரோட்டர் முனை சீல் மேல இருக்குற ஆயில் எல்லாம் கழுவிட்டுப் போயிடும், கம்ப்ரெஷன் விழுந்து அப்புறம் எவ்வளவு சுத்தினாலும் பிடிக்காது. ஸ்டார்ட் பண்ணா சூடு ஏற விடு. சூடு ஏறாம பூஸ்ட்டுல, அதான் டர்போ காத்தை அமுக்கித் தள்ளுறப்போ, மிதிக்காத. ஆயில் வாரா வாரம் பாரு, அது ஆயில் குடிக்குதுன்னு பயப்படாத, சீல் தேயாம இருக்க பம்பு வச்சு ஆயிலை உள்ள தள்ளுற இன்ஜின் அது, குடிக்கலேன்னாதான் பயப்படணும். டர்போவைக் கட்டுப்படுத்துற வேக்கம் ஹோஸ் குடல் மாதிரி பின்னிக்கிட்டுக் கிடக்கும், முப்பது வருஷச் சூட்டுல எல்லாம் அப்பளமா நொறுங்கும், அதுல ஒண்ணு விட்டாலும் 4500 ஆர்பிஎம்ல ரெண்டாவது டர்போ சேராது.

கேஜ் மாட்டிடு, என்ன.

எக்ஸாஸ்ட்டை மட்டும் தொடாத. அதைப் பத்தி அப்புறம் சொல்றேன்.

ரோட்டரின்னாலே உடையிற இன்ஜின்னு ஊரே சொல்லும், அதைக் காதுல வாங்காத. 1991ல லீ மான்ஸ் ரேஸ்ல மாஸ்டாவோட ரோட்டரி வண்டி 787பி 24 மணி நேரம் ஓடி ஜெயிச்சுது, ரேஸ் முடிஞ்சு கழட்டிப் பாத்தா உள்ள நல்லா இருந்துச்சு. நாலு ரோட்டர். ஆனா டர்போ இல்லடா அதுல, இதை நான் உங்கிட்ட எப்பவும் சொல்லாம முழுங்கிடுவேன், இப்ப சொல்றேன். உன் வண்டியில இருக்குறது ரெண்டு ரோட்டர், ஒண்ணுக்கு 654 சிசி, அதுக்கு ரெண்டு டர்போ. ரோட்டரோட மூணு முனையிலயும் ஒவ்வொரு அபெக்ஸ் சீல், வெறும் 2 மில்லிமீட்டர் கனம். அவ்வளவு காத்தையும் நெருப்பையும் அந்தப் பட்டைதான் பிடிச்சு நிறுத்துது. பிஸ்டன் இன்ஜின்ல கொஞ்சம் நாக்கிங், அதான் பெட்ரோல் நேரங்கெட்டு வெடிக்கிறது, வந்தாலும் தாங்கிக்கும், ரெண்டு நாள் கழிச்சு கவனிச்சுக்கலாம். இதுல ரெண்டு மூணு அடி பலமா விழுந்தா போதும், சீல் உடைஞ்சுடும். உடைஞ்ச துண்டு சும்மாவும் போகாது, ஹவுசிங்ல இருக்குற குரோம் பூச்சைக் கீறிக்கிட்டே போய் எக்ஸாஸ்ட் ஓட்டை வழியா நேரா டர்போ விசிறியில அடிக்கும்.

உனக்குத்தான் தெரியுமே. நீதான ஓட்டிக்கிட்டு வந்த அன்னைக்கு.

அந்த என்எஸ்யூ ஆர்ஓ 80ங்கிற பழைய ரோட்டரி கார் கதை ஞாபகம் இருக்கா, அந்த ஜெர்மன் வண்டிக்காரங்க எதிர எதிர வந்தா எத்தனை இன்ஜின் மாத்துனோம்னு விரலைத் தூக்கிக் காட்டிக்குவாங்கன்னு சொல்லுவேனே, நீ சின்னப் புள்ளையில அதுக்கு விழுந்து விழுந்து சிரிப்ப. அப்புறம் நான் உனக்கு ஒரு விரலைக் காட்ட ஆரம்பிச்சேன். விசேஷ வீட்டுல, சித்தப்பா முன்னாடி, உன் ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி, சாவியை நீ கையில எடுத்தாலே ஒரு விரல். எல்லாரும் சிரிப்பாங்க. நீயும் சிரிப்ப. கடைசியா எப்ப சிரிச்சன்னு யோசிச்சுப் பாத்தேன், ஞாபகம் வரல.

தங்கச்சி சொன்னா நீயே கழட்டிப் பாக்கப் போறியாம், இன்ஜின் புத்தகம் எல்லாம் வாங்கி வச்சு ராத்திரி ராத்திரி படிக்கிறியாம். நல்லது. உனக்குக் கை ஓடும், பத்து வயசுலயே கார்புரேட்டரைப் பிரிச்சுத் திருப்பி மாட்டுனவன் நீ, ஒரு ஸ்க்ரூ மிச்சம் வைக்கல. ஆனா ராத்திரி கண்ணு முழிக்காத. நீ படிக்கிறன்னு அவ சொன்னதுல இருந்து எனக்குத்தான் தூக்கம் வரல. ஏன்னா அதைப் படிக்கிறவனுக்கு டவுன்பைப்புன்னா என்ன, பூஸ்ட் எகிறுதுன்னா என்ன எல்லாம் தெரிஞ்சு போயிடும். ஒருவேளை தெரிஞ்சதாலதான் நீ போன் எடுக்கலையோ என்னவோ. எப்படியும் நீயா கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நான் சொல்லிடணும்.

அந்தப் பழைய வண்டி இன்ஜின் போனதுக்கு மூணு வாரம் முன்னாடி நான் எக்ஸாஸ்ட்டுல புகையைச் சுத்தம் பண்ற ப்ரீகேட்டைக் கழட்டிட்டு, வெறும் குழாய், டவுன்பைப் போட்டேன். சூடு குறையும்னு சொன்னாங்க, அது உண்மைதான், குறைஞ்சுது. ஆனா எக்ஸாஸ்ட் அடைப்பு போனதும் பூஸ்ட் தன்னால எகிறுச்சு. இன்ஜினை நடத்துற ஃபேக்டரி கம்ப்யூட்டர், அந்த இசியூ, ஒரு அளவுக்கு மேல பூஸ்ட்டைப் பாத்தா பெட்ரோலை நிறுத்திடும், மிதிச்சா சட்டுனு முன்னாடி தலை ஆடும், அது வண்டி தன்னைத் தானே காப்பாத்திக்கிறது. எனக்கு அது எரிச்சலா இருந்துச்சு. அதை ஏமாத்த ஒரு சின்ன டப்பா விப்பாங்க, சென்சர் வயருல மாட்டினா பூஸ்ட் ஏறுனது இசியூவுக்குத் தெரியாது. வாங்கி மாட்டினேன். காத்து கூடுது, பெட்ரோல் கூடல. கத்துன வண்டி வாயை நானே கட்டிட்டேன்.

அப்புறம் சத்தமும் கேட்டேன். டப்பாவுல கூழாங்கல் போட்டு ஆட்டுன மாதிரி, ஒரே ஒரு நொடி, மூணாவது கியர்ல. என்னன்னு எனக்குத் தெரியும்டா, நாக்கிங். பதினஞ்சு வருஷம் ஸ்பானர் பிடிச்ச கைக்குத் தெரியாதா. தெரிஞ்சும் அந்த சனிக்கிழமை சாவியை உன் கையில குடுத்தேன்.

ராத்திரி நீ போன் பண்ண, "அப்பா, வண்டி ஒரு பக்கமா மூச்சு வாங்குது"ன்ன. குரல் நடுங்குச்சு உனக்கு. நான் வந்து பானெட்டைத் தொறக்கக்கூட இல்ல, ரோட்டு மேலயே "சூடு ஏறாம மிதிச்சியா"ன்னு கேட்டேன். நீ "இல்லப்பா"ன்ன. திருப்பிக் கேட்டேன். மூணாவது தடவை கேட்டப்ப "தெரியலப்பா"ன்ன. அதைப் பிடிச்சுக்கிட்டேன். அன்னைக்கு ராத்திரி நீங்க எல்லாம் தூங்குனதும் டார்ச் அடிச்சு அந்த டப்பாவைக் கழட்டி எறிஞ்சேன். அப்புறம் நீ வேலைக்குப் போய் ரெண்டு வருஷம் சம்பளத்துல பாதியைக் கவர்ல போட்டு, மேல "இன்ஜின்"னு எழுதி மேசையில வச்ச. நான் எண்ணி வாங்கிக்கிட்டேன். அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது, இன்னைக்கு ராத்திரி சொல்லிடுவேன்.

இன்ஜினைப் பிரிச்சப்ப கிடைச்ச சீல் இன்னும் என் டிராயர்ல இருக்கு. 80 மில்லிமீட்டர் நீளம் இருக்கணும், ஒரு மூலை கிடையாது, உடைஞ்ச இடம் சாம்பல் கலர்ல பொரபொரன்னு இருக்கும், மத்த பக்கமெல்லாம் கண்ணாடி மாதிரி. உனக்குக் காட்டாம எடுத்து வச்சுக்கிட்டேன். எதுக்கு வச்சிருக்கேன்னு எனக்கே தெரியல.

அந்த ஒரு விரல் உனக்கு இல்லடா. எனக்கு.

மன்னிச்சிடுன்னு எழுதுனா நீ உடனே "பரவாயில்லப்பா"ன்னு அனுப்பிடுவ, அதனால எழுதல. கோவம் இருந்தா கோவப்படு. கவர் எல்லாம் கணக்கு வச்சிருக்கேன், அது தனி.

இப்ப வண்டியைக் கழட்டுறதுக்கு முன்னாடி கம்ப்ரெஷன் டெஸ்ட் பண்ணிடு. சாதா கேஜ் சரிப்படாது, அது மூணுல பெரிய நம்பரை மட்டும்தான் காட்டும், ரோட்டரிக்குன்னு இருக்குற டெஸ்டர் வேணும், ஒவ்வொரு ரோட்டருக்கும் மூணு முகம், மூணு நம்பர், மொத்தம் ஆறு. இன்ஜின் சூடா இருக்குறப்ப எடு. ஆறும் பக்கத்துல பக்கத்துல இருக்கணும், ஒரு ரோட்டர்ல ரெண்டு நம்பர் சேந்து விழுந்திருந்தா அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற சீல். முன்னாடி இருந்தவன் எக்ஸாஸ்ட்டுல கை வச்சிருக்கானான்னு கீழ படுத்துப் பாரு. சென்சர் வயருல எதாவது டப்பா தொங்குதான்னும் பாரு.

பாத்துட்டு அந்த ஆறு நம்பரை எனக்கு அனுப்பு. வேற எதுவும் எழுத வேணாம், நம்பர் மட்டும் அனுப்பு.

அப்பா

அந்த கேஜை மாட்டிடு.